கொடைக்கானல் இறக்கத்தில் ஹைப்ரிட் கார் உறுமினால்

போன மாதம் எங்கள் ஹைப்ரிட் காரில் (பெட்ரோல் இன்ஜினோடு மின் மோட்டாரும் உள்ள வண்டி) அம்மாவையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு கொடைக்கானல் போய்விட்டு மதுரைக்குத் திரும்பினோம். பெருமாள்மலை தாண்டிக் கொஞ்ச நேரத்தில், ஆக்ஸிலரேட்டரில் கால் வைக்காமலே இன்ஜின் உறும ஆரம்பித்துவிட்டது. "என்னப்பா, வண்டி இப்படிக் கத்துது?" என்று அம்மா பயந்துவிட்டார். டம்டம் பாறையில் ஓரங்கட்டியதும் சத்தம் அடங்கியது. எச்சரிக்கை விளக்கு எதுவும் எரியவில்லை. பேட்டரி மட்டும் நிறைந்திருந்தது. காரணமே அதுதான் என்று அப்போது தெரியாது.

திருமங்கலத்தில் பட்டறை வைத்திருக்கும் மாமாதான் விளக்கினார். "சின்ன வயசுல சைக்கிள் டைனமோவை டயர்ல சாய்ச்சா மிதிக்கிறது கனக்குமா இல்லையா? அதே கனம்தான் மாப்ளே, உன் காருக்குப் பிரேக்." காரை ஓட்டுகிற அதே மின் மோட்டார், நாம் காலை எடுத்ததும் டைனமோவாக மாறிவிடுகிறது. சக்கரம் அதைச் சுற்றுகிறது, கரண்ட் பேட்டரிக்குப் போகிறது, அந்த இழுவையில் வண்டி வேகம் குறைகிறது. சாதாரணக் காரில் இதெல்லாம் பிரேக் பேடில் சூடாகப் போய்விடும். அந்தச் சூடு நாம் காசு கொடுத்து வாங்கிய பெட்ரோல்தான்.

அப்புறம் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆட்களோடு சேர்த்து 1,600 கிலோ வண்டி, 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நிற்கும்போது விடுகிற சக்தி சுமார் 0.06 யூனிட். டொயோட்டா ஹைரைடர், மாருதி கிராண்ட் விட்டாரா ஹைப்ரிட்களில் பேட்டரியே 0.76 யூனிட்தான். கோரிப்பாளையம், சிம்மக்கல் சிக்னல்களுக்கு அது தாராளம். ஒரு சிக்னலில் சேர்த்ததை அடுத்த சிக்னலுக்குப் போகச் செலவழித்துவிடும். ஆனால் கொடைக்கானலிலிருந்து அடிவாரம் வரை 1,700 மீட்டர் இறங்கினால் வருவது 7 யூனிட்டுக்கு மேல். சாலையும் காற்றும் ஒரு பங்கை எடுத்துக்கொண்டாலும் மீதியை அந்தச் சின்னப் பேட்டரியால் எப்படித் தாங்க முடியும்? நிறைந்த பிறகு வருகிற கரண்டை வைத்து, பெட்ரோல் இல்லாமலே இன்ஜினைச் சுழற்றி வண்டி அதைச் செலவழிக்கிறது. அம்மா பயந்த சத்தம் அதுதான். அந்த நேரம் வண்டி நமக்காகப் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது.

*பதில் – திண்டுக்கல்லிலிருந்து ஒரு குழு உறுப்பினர்:*

நல்ல வேளை, இதை எழுதினீர்கள். என் அண்ணன் பழைய பழக்கத்தில் சிறுமலையிலிருந்து இறங்கும்போது ஹைப்ரிட்டை நியூட்ரலில் போட்டுவிட்டார், பெட்ரோல் மிச்சமாம். நியூட்ரலில் போட்டால் பேட்டரிக்குச் சார்ஜே ஏறாது. முழுப் பாரமும் பேட் மேல்தான். 18 கொண்டை ஊசி வளைவு, பாதியிலேயே கருகிய வாடை வந்துவிட்டது. நிறுத்தி ஆறவைத்துத்தான் இறங்கினோம். பிள்ளைகள் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள், இப்போது நினைத்தாலும் பதறுகிறது. தயவுசெய்து யாரும் இதைச் செய்யாதீர்கள். கியரில் 'பி' (ஆங்கில B, பார்க்கிங்குக்கான P இல்லை) என்று இருந்தால் இறக்கத்தில் அதில் போடுங்கள், இன்ஜினும் சேர்ந்து இழுத்துப் பிடிக்கும். சமதளத்துக்கு வந்ததும் 'டி'க்கு மாற்றிவிடுங்கள்.

*மாட்டுத்தாவணிப் பக்கம் வாடகைக் கார் ஓட்டும் உறுப்பினர்:*

டவுனுக்குள் என் அனுபவம். முன்னால் சிவப்பு தெரிந்ததும் தூரத்திலேயே மெதுவாகப் பிரேக்கைத் தொட்டால் டாஷ்போர்டு முள் 'சார்ஜ்' பக்கம் போகும். கிட்டே போய் அழுத்தி மிதித்தால் பேட்டரி அவ்வளவையும் ஒரே நேரத்தில் வாங்காது, மிச்சத்தைப் பேட் பிடித்துவிடும். வண்டி நிற்கப்போகும் கடைசி நொடியிலும் பேட்தான். கீழவாசல் நெரிசலில் இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். ரிங் ரோட்டில் ஒரே சீராக ஓட்டும்போது பிரேக்கே பிடிப்பதில்லை, அங்கே இதனால் பெரிதாக எதுவும் கிடைக்காது. போன சர்வீஸில் பார்த்தபோது பேட் பாதிகூடத் தேயவில்லை.

*முதலில் எழுதியவர்:*

நேற்று மறுபடியும் கொடைக்கானல் போய் இறங்கினோம். வெள்ளி அருவியிலேயே 'பி'யில் போட்டுவிட்டேன். ஊத்து தாண்டியதும் உறுமியது. "டைனமோ சத்தம்தானே?" என்று கேட்டுவிட்டு அம்மா தூங்கிப்போனார். அடிவாரத்துக் காட்ரோடு செக்போஸ்ட்டில்தான் எழுந்தார்.