ஹோர்ட்டன் சமவெளிக்குப் போக எங்கே தங்கலாம்?

வணக்கம் நண்பர்களே. அடுத்த மாதம் அப்பா, அம்மாவோடு இலங்கை மலையகத்தில் இருக்கும் ஹோர்ட்டன் சமவெளி தேசியப் பூங்காவுக்குப் போகிறோம். நுவரெலியாவில் தங்குவதா, அப்புத்தளையிலா, இல்லை பூங்காவுக்குப் பக்கத்து ரயில் நிலையமான ஓஹியவிலேயே இறங்கிவிடுவதா?

அங்குள்ள ‘உலக முடிவு’ (World's End) என்ற செங்குத்துப் பாறை விளிம்பைப் பார்க்க வேண்டும் என்பது அப்பாவின் நெடுநாள் ஆசை. காலை ஒன்பது, பத்து மணிக்கெல்லாம் மூடுபனி பள்ளத்தாக்கை மறைத்துவிடும் என்பதால் விடிந்ததும் நுழைவாயிலில் நிற்க வேண்டும். நுவரெலியாவில் கடை, வைத்தியசாலை எல்லாம் உண்டு. ஆனால் அங்கிருந்து 30 கிலோமீட்டர் அளவுக்கு இருட்டில் மலைப்பாதை. அம்மாவுக்கு வளைவுகளில் தலை சுற்றும். அப்புத்தளையும் கிட்டத்தட்ட அப்படித்தான்.

அதனால் ஓஹியதான் நல்லது என்று படுகிறது. அங்கே சூடான வெந்நீரோடு வீட்டுத் தங்குமிடம், விடியுமுன் ஏற்றிப்போக வேன் கிடைக்குமா? அப்புறம், பூங்காவுக்குள் உலக முடிவைப் பார்த்துத் திரும்பும் 9 கிலோமீட்டர் நடை அறுபதைக் கடந்தவர்களுக்குச் சரிவருமா? பெற்றோரோடு போய்வந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.