சிறு பட்டறை மடக்குக் கத்திகள்: மறுவிற்பனைக்காரர்கள் கெடுக்கிறார்களா, காப்பாற்றுகிறார்களா?

சாணைக்கல்:
கிரேட் ஈஸ்டர்ன் கட்லரியின் கத்தி டீலர்களிடம் வரும் ஒவ்வொரு முறையும் இதே கதைதான். பக்கத்தைத் திறந்து, கூடையில் போட்டு, முகவரியை அடித்து முடிப்பதற்குள் தீர்ந்துவிடுகிறது. அன்று மாலையே அதே கத்தி, அட்டைக் குழாயிலிருந்து வெளியே எடுக்கப்படாமலே, ஏலத் தளத்தில் இரட்டிப்பு விலைக்கு நிற்கிறது. நூறு டாலருக்குக் கொஞ்சம் மேலே கொடுத்து வாங்க வேண்டியதை இருநூற்றைம்பதுக்கு வாங்கச் சொல்கிறார்கள்.

புதிதாக வருபவர்களுக்காகச் சொல்கிறேன். பென்சில்வேனியாவின் டைட்டஸ்வில்லில் 2006-இல் தொடங்கிய சின்னத் தொழிற்சாலை இது. பூட்டு இல்லாத, முதுகு ஸ்பிரிங்கின் அழுத்தத்தில் மட்டும் நிற்கும் பழைய பாணி மடக்குக் கத்திகள்தான் இவர்கள் செய்வது. பெரும்பாலும் 1095 என்ற வகைக் கார்பன் எஃகு. நேரடியாக விற்க மாட்டார்கள், டீலர் வழியாகத்தான். ஒரு வடிவத்தைக் கொஞ்சம் செய்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார்கள். அதே வடிவம் திரும்பி வர ஆண்டுக்கணக்கில் ஆகலாம். அந்த இடைவெளியில்தான் இந்த மறுவிற்பனைக்காரர்கள் புகுந்து சம்பாதிக்கிறார்கள்.

அந்தக் கூடுதல் பணத்தில் ஒரு காசுகூட கத்தி செய்த தொழிலாளிக்குப் போவதில்லை. சேகரிப்பவர்கள் என்று சொல்லிக்கொண்டு ஐந்தைந்தாக வாங்கி விற்பவர்களை நாமே ஆதரிக்கலாமா?

பித்தளைப்பூண்:
தம்பி, உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் அதே டைட்டஸ்வில்லில் குவீன் கட்லரிக்கு என்ன ஆனது? 1922-இல் தொடங்கிய நிறுவனம், 2018 தொடக்கத்தில் மூடிவிட்டார்கள். நல்ல கத்திகள். எப்போது தேடினாலும் கிடைக்கும், தள்ளுபடியிலும் கிடைக்கும். இன்னும் பின்னால் போனால் நியூயார்க் மாநிலத்தில் ஷ்ரேட் 2004-இல் போனது, கமில்லஸ் 2007-இல் போனது. பெயரை மட்டும் வேறு நிறுவனங்கள் வாங்கிக்கொண்டன. ஷ்ரேட் பெயர் பொறித்த கத்தி இன்றும் கடையில் இருக்கும், எலன்வில் ஊரில் இருந்த அவர்களுடைய பட்டறை இருக்காது.

மறுவிற்பனை விலை என்ன செய்கிறது என்று யோசியுங்கள். புதிதாக வரும் ஒருவர் நூற்றிருபது டாலர் கொடுத்து ஒரு கத்தியை வாங்குகிறார். பிடிக்காவிட்டால் மறுநாளே நட்டமில்லாமல் விற்றுவிடலாம் என்று அவருக்குத் தெரியும். அந்தத் தைரியத்தில்தான் வாங்குகிறார். டீலரும் அதே தைரியத்தில்தான் வந்த சரக்கை மொத்தமாக எடுக்கிறார், அலமாரியில் தூங்கும் என்ற பயம் அவருக்கு இல்லை. பட்டறைக்கு அடுத்த மாதச் சம்பளம் உறுதி. நீங்கள் திட்டும் அந்த இரட்டிப்பு விலை, இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணி.

சாணைக்கல்:
குவீன் மூடியதற்குக் காரணம் கத்தி எளிதாகக் கிடைத்தது என்று நான் நம்பவில்லை, சார். 2012-இல் அங்கே உரிமையே கைமாறியது. அதற்கு முன்பே சந்தை மாறிவிட்டது. ஒரு கையால் திறந்து, பூட்டி, கிளிப்பில் மாட்டிக்கொள்ளும் கத்திக்கு ஜனங்கள் போய்விட்டார்கள். பிராட்ஃபோர்டில் இருக்கும் கேஸ் நிறுவனத்தைப் பாருங்கள். அவர்களுடைய டிராப்பரை, அதாவது இரண்டு நீண்ட அலகுள்ள வடிவத்தை, இன்று கேட்டால் நாளை அனுப்புவார்கள். எந்தக் கடையிலும் கிடைக்கும். அவர்கள் மூடிவிட்டார்களா?

பித்தளைப்பூண்:
கேஸுக்குப் பின்னால் 1993 முதல் ஸிப்போ இருக்கிறது. லைட்டர் விற்ற பணம் தாங்கும் இடத்தையும், கத்தியைத் தவிர வேறு வருமானமே இல்லாத பட்டறையையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள்.

தென்றல்_டெக்சஸ்:
இரண்டு பேரும் தொழிற்சாலைக் கத்தியைப் பற்றியே பேசுகிறீர்கள். கையால் செய்தது என்றால் எனக்கு ஒருவர், ஒரு மேசை, ஒரு கத்தி. இங்கே டெக்சஸிலும், இந்தியானாவிலும், இன்னும் பல மாநிலங்களிலும் வீட்டின் பின்கட்டில் தனியாக உட்கார்ந்து செய்பவர்கள் இருக்கிறார்கள். மறைந்த டோனி போஸ் இந்தியானாவின் ஷெல்பர்னில் அப்படித்தான் செய்தார். அவர் வடிவமைத்ததைக் கேஸ் நிறுவனமே வெளியிட்டது. இன்று பழைய பாணியில் செய்யும் பலர் அவரைப் பார்த்துக் கற்றவர்கள்.

ஒருவர் செய்வதை ஒருமுறை பக்கத்தில் நின்று பார்த்தேன். நமக்குத் தெரிவது ஒரு அலகு, ஒரு ஸ்பிரிங், நடுவில் ஒரு ஆணி. ஆனால் கத்தி மூடியிருக்கும்போதும், பாதியில் நிற்கும்போதும், முழுக்கத் திறந்தபோதும், மூன்று நிலையிலும் ஸ்பிரிங்கின் முதுகு கைப்பிடியின் முதுகோடு ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். விரலால் தடவினால் எங்கும் தட்டக் கூடாது. அதற்கு அலகின் அடிப்பகுதியை மூன்று பக்கத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்க்கிறார். தேய்ப்பார், தற்காலிக ஆணி போட்டுக் கூட்டுவார், டயல் அளவியை வைத்து ஸ்பிரிங் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்ப்பார், பிரிப்பார், மறுபடி தேய்ப்பார். ஒரு இழை கூடுதலாகத் தேய்த்துவிட்டால் ஸ்பிரிங் உள்ளே இறங்கிவிடும். தேய்ந்த எஃகைத் திரும்ப ஒட்ட முடியாது. அந்த அலகைத் தூக்கி வைத்துவிட்டுப் புதிதாகத் தொடங்க வேண்டியதுதான். இது ஒரு அலகுக்கு. மூன்று அலகு இருக்கும் ஸ்டாக்மேனில், ஒன்று திறக்கும்போது இன்னொன்றை உரசக் கூடாது என்ற தலைவலியும் சேரும்.

இவர்கள் கத்தி பல நூறு டாலர், சிலருடையது ஆயிரத்தைத் தாண்டும். ஆனால் நான் கொடுப்பது முழுவதும் செய்தவர் கைக்கே போகிறது. மறுவிற்பனைக்காரரிடம் இருநூற்றைம்பது கொடுப்பதற்குப் பதில், கொஞ்சம் காத்திருந்து, சேர்த்து, செய்பவரிடமே வாங்குங்கள். அட்லாண்டாவில் ஜூன் மாதம் நடக்கும் பிளேடு ஷோ என்ற கத்திக் கண்காட்சிக்குப் போனால் நேரிலேயே பேசலாம்.

பித்தளைப்பூண்:
அக்கா சொன்னதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஒரு இடத்தில் மட்டும் உடன்பாடில்லை. டைட்டஸ்வில்லில் அச்சு இயந்திரம் தகட்டை வெட்டுகிறது, உண்மை. அதன் பிறகு கூட்டுவது, ஆணியைச் சுத்தியால் தட்டி மடக்குவது, பட்டையில் தீட்டி வடிவத்துக்குக் கொண்டுவருவது எல்லாம் மனிதக் கைதான். எலும்புக் கைப்பிடி ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி சாயம் குடிக்கும், ஒரே பெட்டியில் வந்த இரண்டு கத்தி ஒன்றுபோல் இருக்காது. ஆயிரம் டாலர் கொடுக்க முடியாத ஒருவர் இந்தப் பழைய வேலைப்பாட்டைத் தொட்டுப் பார்க்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

அப்புறம், மறுவிற்பனை தனிக் கைவினைஞர்களிடமும் உண்டு. போஸ் செய்த கத்திகளின் இன்றைய விலையைப் பாருங்கள். அந்த விலையைப் பார்த்துத்தான் இளைஞர்கள் இந்தத் தொழிலில் எதிர்காலம் இருக்கிறது என்று நம்பி இறங்குகிறார்கள்.

புதுவரவு:
நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். ஒஹாயோவில் வேலை. தோட்டத்தில் கயிறு வெட்ட, ஆப்பிள் நறுக்க ஒரு நல்ல கத்தி வேண்டும், அதுவே சேகரிப்பின் தொடக்கமாகவும் இருக்கட்டும் என்று ஆசை. பூட்டு இல்லாதது ஆபத்தில்லையா? எதை முதலில் வாங்குவது? பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது அப்பாவுக்கும் ஒன்று கொண்டுவர எண்ணம்.

சாணைக்கல்:
வெட்டும் திசையில் மட்டும் அழுத்தினால் பூட்டு தேவைப்படாது. குத்தித் துளைக்கவோ நெம்பவோ இந்தக் கத்தியை எடுக்காதீர்கள், அவ்வளவுதான்.

கேஸ் 6254-இல் தொடங்குங்கள். அந்த எண்ணே ஒரு விவரச் சீட்டு: 6 என்றால் வரி செதுக்கிய எலும்புக் கைப்பிடி, 2 என்றால் இரண்டு அலகு, 54 என்றால் டிராப்பர் வடிவம். மூடிய நிலையில் நாலு அங்குலத்துக்குச் சற்று மேல். துருப்பிடிக்காத எஃகிலும் வருகிறது, குரோம் வனேடியம் எஃகிலும் வருகிறது. இரண்டாவதை எடுங்கள், தீட்டுவது எளிது. ஆப்பிள் நறுக்க நறுக்க அலகு நீலமும் சாம்பலுமாக நிறம் மாறும். பயப்படாதீர்கள், அந்தப் படிவு துருவைக் கொஞ்சம் தடுக்கும். ஈரத்தோடு மட்டும் மடிக்காதீர்கள். மூட்டில் ஒரு சொட்டு மினரல் ஆயில் போதும்.

பித்தளைப்பூண்:
அப்பாவுக்கு வாங்கும்போது மான்கொம்புக் கைப்பிடியைத் தவிர்த்துவிடுங்கள். பழைய அமெரிக்கக் கத்திகளில் உயர்ந்ததாக மதிக்கப்பட்ட கொம்பு நம் கடமான் கொம்புதான். இந்தியா 1990-களின் இறுதியில் ஏற்றுமதியை நிறுத்திய பிறகு இங்கே அதன் விலை ஏறிவிட்டது. பலர் எல்க் கொம்புக்கும் எலும்புக்கும் மாறினார்கள். அப்படிப்பட்ட ஒன்றை நம் ஊருக்குத் திரும்பக் கொண்டுபோனால் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் சிக்க வாய்ப்புண்டு. எலும்போ மரமோ எடுங்கள், செக்-இன் பெட்டியில் வையுங்கள்.

பழைய கத்தி வாங்கும் ஆசை வந்தால் செல்லுலாய்டு என்ற பழைய பிளாஸ்டிக் கைப்பிடியில் கவனம். அது சிதையத் தொடங்கினால் வெளிவிடும் அமில ஆவி, அதே பெட்டியில் இருக்கும் மற்றக் கத்திகளின் அலகையும் அரித்துவிடும். தனியாக, காற்றோட்டமாக வையுங்கள். தோல் உறைக்குள்ளும் நாள்கணக்கில் போட்டு வைக்காதீர்கள். பித்தளை பச்சையாகப் பூத்துவிடும்.

சாணைக்கல்:
நல்ல அறிவுரை சார், ஆனால் நீங்கள் சொல்வதெல்லாம் பெட்டிக்குள் வைப்பதைப் பற்றியே இருக்கிறது. தென்றல் அக்கா சொன்ன அந்த வேலைப்பாடு எதற்காக? ஆயிரம் முறை திறந்து மூடினாலும் ஆடாமல் இருக்கத்தானே. திறக்கப்படாமலே கைமாறிக்கொண்டிருக்கும் கத்தியில் அந்த உழைப்பு வீணாகப் போகிறது. எனக்கு அதுதான் வலிக்கிறது, விலை இரண்டாவது.

பித்தளைப்பூண்:
வீணாகவில்லை. ஒரு உதாரணம் சொல்கிறேன். 1970-இல் கேஸ் நிறுவனம் அலகின் அடியில் முத்திரைக்குக் கீழே பத்துப் புள்ளி வைத்தது. ஆண்டுக்கு ஒரு புள்ளி குறைத்தார்கள். ஏழு புள்ளி என்றால் 1973. இன்று ஏழு புள்ளிக் கத்தி ஒன்று உங்களிடம் விற்பனைக்கு வருகிறது. பளபளவென்று இருக்கிறது. அது உண்மையிலேயே பயன்படாததா, அல்லது தேய்ந்துபோன அலகை யாராவது பாலிஷ் போட்டு ஏமாற்றுகிறார்களா? பயன்படாத இன்னொன்றின் பக்கத்தில் வைத்து, அலகின் அகலத்தையும், அலகைத் திறக்க நகம் வைக்கும் குழியிலிருந்து விளிம்புவரை உள்ள தூரத்தையும், முத்திரையின் ஆழத்தையும் பார்த்துத்தான் சொல்ல முடியும். அன்றைக்கு யாரோ ஒருவர் தீட்டாமல் வைத்திருந்ததால்தான் இன்றைக்கு அந்த அளவு நம்மிடம் இருக்கிறது. போலிகளால் நிறைந்த இந்தச் சந்தையில் அது சின்ன விஷயமில்லை. பழைய வடிவத்தை மறுபடி செய்ய நினைக்கும் கைவினைஞருக்கும் தேயாத மாதிரி ஒன்று வேண்டும்.

தென்றல்_டெக்சஸ்:
இது உண்மை. நான் போய்ப் பார்த்த அந்தக் கைவினைஞரும் பயன்படாத பழைய வைட்லர் (மரம் செதுக்கும் கத்தி வடிவம்) ஒன்றை மேசையில் வைத்துக்கொண்டுதான் புதியதற்கு அளவெடுத்தார். அதற்காக ஒவ்வொரு வடிவத்திலும் ஐந்து வாங்கி அடுக்கத் தேவையில்லை என்பதும் உண்மை.

சாணைக்கல்:
சரி, மாதிரிக்கு ஒன்று வைப்பதை நான் இனி குறை சொல்ல மாட்டேன், சார். அந்தக் காரணம் ஐந்து வாங்கி அன்று மாலையே ஏலத்தில் விடுபவருக்குப் பொருந்தாது. அவர் எதையும் பாதுகாக்கவில்லை. சில டீலர்கள் ஆளுக்கு ஒன்று என்று வரம்பு வைக்கிறார்கள், சிலர் குலுக்கல் முறையில் கொடுக்கிறார்கள். இனி அப்படிப்பட்டவர்களிடம் மட்டும்தான் வாங்குவேன், மற்றவர்களுக்கும் கடிதம் எழுதப் போகிறேன். சேர விரும்புபவர்கள் சொல்லுங்கள், வாசகத்தை இங்கேயே சேர்ந்து எழுதலாம்.

பித்தளைப்பூண்:
ஆளுக்கு ஒன்று என்றால் என் பெயரையும் போடுங்கள். பின்னால் விற்கும் விலைக்கு உச்சவரம்பு கேட்கும் வரி ஏதாவது இருந்தால் எடுத்துவிடுங்கள். அதற்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன்.