சந்தேகம்: சுங்குடிச் சேலைக்குப் பிரெஞ்சில் அட்டை எழுத வேண்டும், ‘டை அண்ட் டை’க்கு என்ன சொல்?

சுங்குடிக் கடை, தெற்கு மாசி வீதி:

வணக்கம். மீனாட்சியம்மன் கோயிலைப் பார்த்துவிட்டு வரும் பிரெஞ்சுக்காரர்கள் டிசம்பர், ஜனவரியில் எங்கள் கடைக்கும் வருவார்கள். அவர்களில் வயதானவர்கள் பலருக்கு ஆங்கிலம் சரளமாக வராது. ஒவ்வொரு சேலையோடும் பிரெஞ்சில் ஒரு சின்ன அட்டை வைக்கலாம் என்று நினைத்து, ஆங்கிலச் சொற்களை ஒவ்வொன்றாகச் செல்போன் செயலியில் போட்டு எழுதினேன்.

போன வாரம் ஒரு பிரெஞ்சு அம்மா அட்டையைப் படித்தார். கழுத்தில் கை வைத்துக் காட்டி, டை எங்கே இருக்கிறது என்று கேட்டார். கடையில் டையே கிடையாது. அப்போதுதான் ‘டை அண்ட் டை’ (துணியில் முடிச்சிட்டுச் சாயம் ஏற்றிப் புள்ளி வர வைப்பது) என்பதில் முதல் சொல்லைச் செயலி ‘க்ராவாத்’ என்று மாற்றியிருந்தது தெரிந்தது. க்ராவாத் என்றால் கழுத்தில் கட்டும் டை.

எனக்கு மனசே சரியில்லை. எங்கள் அம்மா நாற்பது வருடமாக முடிச்சுப் போடுகிறார். நல்ல சேலை ஒன்றில் ஆயிரக்கணக்கான முடிச்சுகள் விழும். அந்த வேலையைத் தப்பான சொல்லால் சொல்லிவிடக் கூடாது.

மற்றவை இவை: பார்டருக்கு ‘ஃப்ரோந்தியேர்’, ஃபாஸ்ட் கலருக்கு ‘கூலர் ராபீத்’, ஹேண்ட் வாஷுக்கு ‘லவாஜ் தே மேன்’, ரெடிமேட் டாப்ஸின் ஃப்ரீ சைஸுக்கு ‘தாய் லீப்ர்’, சாஃப்டுக்கு ‘மூ’. 500 அட்டை அச்சுக்குக் கொடுக்க வேண்டும். எவை தவறு? இனிமேல் நானே சரிபார்க்க வழி உண்டா?

பிரெஞ்சு ஆசிரியை, கே.கே. நகர்:

தம்பி, நல்லவேளை அச்சுக்குக் கொடுக்கும் முன்பே கேட்டீர்கள். நீங்கள் எழுதிய ஆறும் தவறுதான். ஆனால் எல்லாவற்றுக்கும் காரணம் ஒன்றே. சொல்லைத் தனியாகக் கொடுத்தால் எந்தப் பொருளில் கேட்கிறீர்கள் என்று செயலிக்குத் தெரியாது. தமிழில் ‘கரை’ என்று மட்டும் சொன்னால் சேலைக் கரையா, வைகைக் கரையா என்று எப்படித் தெரியும்? அதேதான் இங்கேயும் நடந்திருக்கிறது. ஃப்ரோந்தியேர் என்பது இரண்டு நாடுகளுக்கு நடுவே உள்ள எல்லை. துணியின் கரைக்கு ‘போர்த்யூர்’.

கூலர் ராபீத் என்றால் ‘வேகமான நிறம்’. சாயம் போகாத துணிக்குப் பிரெஞ்சில் ‘க்ரான் தேன்’ என்று தனிச் சொல்லே இருக்கிறது. பழைய துணிக்கடைக்காரர்களின் சொல். அதைப் பார்த்தாலே இந்தக் கடைக்குத் துணி தெரியும் என்று நினைப்பார்கள். லவாஜ் தே மேன் என்பது கை கழுவுவது. கையால் துவைக்கச் சொல்ல ‘லவே ஆ லா மேன்’ என்று எழுதுங்கள். ஃப்ரீ சைஸ் ‘தாய் யுனீக்’. ‘மூ’ என்பது தொளதொளவென்று கிடப்பது. மென்மையான பருத்திக்கு ‘கோதோன் தூ’.

உங்கள் முக்கியமான சொல்லுக்கு வருகிறேன். ‘தேன்த்யூர் பார் நூவாஜ்’, அதாவது முடிச்சிட்டுச் சாயம் ஏற்றுவது. ஆங்கிலச் சொல்லையே அப்படியே எழுதும் பிரெஞ்சுக்காரர்களும் உண்டு. ஆனாலும் உங்கள் அம்மாவின் கையைச் சொல்ல வேண்டுமென்றால் ‘நூவே ஆ லா மேன்’ என்று ஒரு வரி சேருங்கள். கையால் முடிச்சிடப்பட்டது என்று பொருள்.

சரிபார்க்க நான் மாணவர்களுக்குச் சொல்லும் வழி இது. முதலில் சொல்லைத் தராமல் முழு வாக்கியம் தாருங்கள். அப்புறம் கிடைத்த பிரெஞ்சுச் சொல்லைப் படத் தேடலில் போடுங்கள். ஃப்ரோந்தியேர் என்று போட்டால் வரைபடமும் வேலியும் வரும், சேலை வராது. லாரூஸ் அகராதியில் துணிக்கான பொருள் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கைடு, மேலக்கோபுரம் பக்கம்:

அண்ணே, வாசலில் பெரிய எழுத்தில் ‘சேல்’ என்று போர்டு வைத்திருக்கிறீர்களே, அதையும் கேளுங்கள். நான் கூட்டி வருகிறவர்கள் அதைப் பார்த்து ஒருவருக்கொருவர் முகம் பார்ப்பார்கள். காரணம் எனக்குத் தெரியவில்லை.

பிரெஞ்சு ஆசிரியை, கே.கே. நகர்:

அதே எழுத்துகளைப் பிரெஞ்சில் ‘சால்’ என்று படிப்பார்கள். அழுக்கு என்று பொருள். ஆங்கில போர்டு என்று அவர்களுக்கும் புரியும், என்றாலும் கண் முதலில் தன் மொழியில்தான் படிக்கும். பிரெஞ்சில் தள்ளுபடி விற்பனைக்கு ‘சோல்து’ என்பார்கள். ஆனால் பிரான்சில் அது அரசு குறிக்கும் காலத்தில், குளிர்காலத்தில் ஒரு தடவையும் கோடையில் ஒரு தடவையும் நடப்பது. 2020 முதல் ஒவ்வொன்றும் பொதுவாக நான்கு வாரம். உங்கள் கடைக்கு ‘ப்ரொமோஸியோன்’ போதும்.

புதுச்சேரியிலிருந்து ஒருவர்:

இரண்டு விஷயம் சேர்க்கிறேன். சுங்குடி, சேலை இரண்டையும் மொழிபெயர்க்கவே வேண்டாம். ‘சாரி’ பிரெஞ்சு அகராதியிலேயே இருக்கிறது. சுங்குடி உங்கள் ஊர்த் துணியின் பெயர், புவிசார் குறியீடு பெற்றது, அதை அப்படியே வைத்து அடுத்த வரியில் விளக்குங்கள். நம் வெட்டிவேர் ‘வெத்திவேர்’ என்றே பிரெஞ்சுக்குப் போய் இன்றும் வாசனைத் திரவியப் பாட்டில்களில் இருக்கிறதே.

இன்னொன்று, எங்காவது ‘மெட்ராஸ் காட்டன்’ என்று எழுதியிருந்தால் எடுத்துவிடுங்கள். பிரெஞ்சில் ‘மத்ராஸ்’ என்றால் கட்டம் போட்ட பளிச்சென்ற துணி, மார்த்தினிக், குவாதலூப் தீவுகளில் பெண்கள் தலையில் கட்டுவது. புள்ளிச் சேலையில் அதை எழுதினால் குழம்புவார்கள். புள்ளி போட்டது என்பதற்கு ‘ஆ புவா’. புவா என்றால் பட்டாணி, அவர்களுக்குப் புள்ளி அப்படித் தெரிந்திருக்கிறது.

நம் ஊர்த் துணிக்குப் பிரான்சில் ஒரு காலத்தில் இருந்த மவுசு சின்னதல்ல. இந்தியாவின் வண்ணப் பருத்தித் துணிகளை ‘ஏந்தியென்’ என்று அழைத்தார்கள். உள்ளூர் நெசவைக் காக்க 1686இல் அவற்றுக்குத் தடை போட்டு, 1759இல்தான் எடுத்தார்கள். கொஞ்சம் வயதான பிரெஞ்சுக்காரரிடம் அந்தச் சொல்லைச் சொல்லிப் பாருங்கள், நின்று பேசுவார்.

சுங்குடிக் கடை, தெற்கு மாசி வீதி:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. மேடம் சொன்னபடி முழு வாக்கியமாகக் கொடுத்தேன், பாதித் தவறு தானாகவே போய்விட்டது. போர்டையும் இறக்கிவிட்டேன். இன்னும் இரண்டு சந்தேகம். மெழுகு வைத்து அச்சடித்த சேலைகளும் விற்கிறோம், அவற்றிலும் ‘நூவே ஆ லா மேன்’ போடலாமா? அப்புறம், முதல் துவைப்பு உப்புத் தண்ணீரில் என்பதை அச்சகத்தில் ‘ஓ சால்’ என்று அடித்திருக்கிறார்கள். சரியா?

பிரெஞ்சு ஆசிரியை, கே.கே. நகர்:

அச்சுச் சேலையில் போடவே கூடாது. அதற்கு ‘ஏன்ப்ரிமே’ என்று தனி அட்டை வையுங்கள். அம்மாவின் முடிச்சுக்கு மதிப்பு இருக்க வேண்டுமென்றால் அந்த வரி அவர் முடிச்சிட்ட சேலையில் மட்டும் இருக்கட்டும்.

‘ஓ சால்’ என்றால் அழுக்குத் தண்ணீர்! உப்புத் தண்ணீர் ‘ஓ சலே’. எழுத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் கொஞ்சம்தான். கடைசியில் ‘இ’ எழுத்து இரண்டு வர வேண்டும், முதல் ‘இ’யின் தலையில் வலப்பக்கம் ஏறும் ஒரு சின்னக் கோடு வர வேண்டும். அச்சகத்தில் பிரெஞ்சு எழுத்துக் குறிகள் உள்ள எழுத்துருவைக் கேளுங்கள். குறி வேண்டாம் என்று அவர்கள் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். 500 அடிக்கும் முன் ஒரு புரூஃப் எடுத்துப் படம் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.

சுங்குடிக் கடை, தெற்கு மாசி வீதி:

புரூஃப் வந்துவிட்டது மேடம், கோடெல்லாம் இருக்கிறது. இரவு கடை அடைத்ததும் படம் போடுகிறேன். ‘நூவே ஆ லா மேன்’ வரியை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். திரும்பவும் ஒரு தடவை படிக்கச் சொன்னார்.