அமாரி, ஜென்ஜென், யோகு: எது எந்த வினைமுடிவோடு வரும்? (ஜப்பானிய மொழி, என்5 நிலை)

கேட்டவர்:
என்5 தேர்வுக்குப் (ஜப்பானிய மொழித் தகுதித் தேர்வின் தொடக்க நிலை) படிக்கிறேன். ‘எவ்வளவு அடிக்கடி’ என்பதைச் சொல்லும் சொற்களை, இட்ஸுமோ 100 சதவீதம், ஜென்ஜென் 0 சதவீதம் என்று இறங்குவரிசை அட்டவணையா மனப்பாடம் பண்ணியாச்சு. வாக்கியத்தில் போட்டாத்தான் உதைக்குது. பயிற்சித் தாளில் இந்த நாலும் தப்புன்னு வந்திருக்கு, காரணம் போடலை.

1. வாதாஷி வா அமாரி தெரெபி ஓ மிமாஸ். (டிவி அதிகம் பார்க்க மாட்டேன்)
2. மைனிச்சி நி நிஹோங்கோ ஓ பென்க்யோ ஷிமாஸ். (தினமும் ஜப்பானியம் படிக்கிறேன்)
3. யோகு நிகு ஓ தாபெமாஸென். (அடிக்கடி கறி சாப்பிட மாட்டேன்)
4. இட்ஸுமோ அசாகோஹான் ஓ தாபெமாஸென். (காலை உணவு எல்லா நாளும் சாப்பிடுவேன்னு சொல்ல முடியாது)

கூடவே, தைதெய், யோகு ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?

பதில் 1:
சிக்கல் அந்தச் சதவீத அட்டவணையில்தான். எந்தச் சொல் எந்த வினைமுடிவைக் கேட்கும் என்பதுதான் முதலில் தெரிய வேண்டியது, அட்டவணை அதைச் சொல்வதே இல்லை. அதைக் கிழித்துவிட்டு இரண்டு பெட்டியாகப் போடுங்கள்.

‘மாஸ்’ (உடன்பாட்டு முடிவு) பெட்டி: இட்ஸுமோ (எப்போதும்), தைதெய் (பெரும்பாலும்), யோகு (அடிக்கடி), தோகிதோகி (சில சமயம்), தமானி (எப்போதாவது).
‘மாஸென்’ (எதிர்மறை முடிவு) பெட்டி: அமாரி (அவ்வளவா), மெத்தானி (அரிதாகத்தான்), ஹோதோந்தோ (கிட்டத்தட்ட இல்லவே இல்லை), ஜென்ஜென் (சுத்தமா).

இரண்டாம் பெட்டிச் சொல் வாயில் வந்த உடனேயே வாக்கியம் எதிர்மறையில் முடியும் என்று கேட்பவர் எதிர்பார்ப்பார். தமிழருக்கு இது புதிதல்ல. ‘அவ்வளவா’ என்று தொடங்கினால் ‘பார்க்க மாட்டேன்’ என்றுதானே முடிப்போம்? ‘அவ்வளவா பார்ப்பேன்’ என்று யாரும் சொல்வதில்லை. அமாரி அப்படியே நம் ‘அவ்வளவா’தான், ஜென்ஜென் நம் ‘சுத்தமா’. ஆங்கிலம் வழியாகப் போகாமல் இந்த ஜோடியைப் பிடித்துக்கொண்டால் முதல் வாக்கியம் தானே திருந்தும்: அமாரி தெரெபி ஓ மிமாஸென்.

அமாரி எண்ணிக்கைக்கு மட்டும் வருவதில்லை, அளவுக்கும் வரும். ‘அமாரி ஓஇஷிகு அரிமாஸென்’ என்றால் அவ்வளவு ருசியாக இல்லை. இங்கும் நம் சொல்லோடு ஒத்துப்போகிறது.

இரண்டாவதில் ‘நி’யை எடுத்துவிடுங்கள். மைனிச்சி (தினமும்), மைஷூ (வாராவாரம்), தோகிதோகி, யோகு எதற்கும் ‘நி’ ஒட்டாது. தமானியில் இருக்கும் ‘நி’ அந்தச் சொல்லோடு சேர்ந்தே வருவது. அதைப் பார்த்துத்தான் பலர் மற்றவற்றுக்கும் ஒட்டிவிடுகிறார்கள்.

மூன்றாவது: யோகுவுக்கு ‘அடிக்கடி’, ‘நன்றாக’ என்று இரண்டு பொருள். எதிர்மறையோடு வந்தால் பெரும்பாலும் ‘நன்றாக’ பக்கம் சாய்ந்துவிடும். யோகு வகாரிமாஸென் என்றால் சரியாகப் புரியவில்லை என்று பொருள். அதனால் ‘அடிக்கடி இல்லை’ என்பதற்கு யோகுவை மறந்துவிட்டு அமாரி போடுங்கள்: நிகு வா அமாரி தாபெமாஸென்.

பதில் 2:
நாலாவதைப் பற்றி. ‘இட்ஸுமோ தாபெமாஸென்’ என்றால் எப்போதுமே சாப்பிடுவதில்லை, அதாவது ஒரு நாளும் இல்லை என்றுதான் காதில் விழும். இட்ஸுமோ அந்த ‘இல்லை’யையும் சேர்த்தே எல்லா நாளுக்கும் நீட்டிவிடுகிறது. உங்கள் நிலையில் எளிய வழி, தோகிதோகியை எதிர்மறையோடு போடுவது: தோகிதோகி அசாகோஹான் ஓ தாபெமாஸென். சில நாள் சாப்பிட மாட்டேன். ‘மாஸ்’ பெட்டியில் இருந்தாலும் தோகிதோகி இப்படி வரலாம், தப்பில்லை. ‘இட்ஸுமோ தாபெரு வாகே தெவா அரிமாஸென்’ என்றும் சொல்லலாம். அந்த அமைப்பு மேல்நிலையில் வரும்.

தைதெய், யோகு: தைதெய் என்றால் ‘இத்தனை தடவையில் பெரும்பாலும்’, யோகு என்றால் ‘தடவை அதிகம்’. அதனால் தைதெய்க்கு ஒரு வரம்பு வேண்டும். ‘அமே நோ ஹி வா தைதெய் தாக்ஷி நி நோரிமாஸ்’: மழை நாளில் பெரும்பாலும் டாக்ஸியில் போவேன். வருடத்தில் பத்து நாள்தான் மழை, அதில் எட்டு நாள் டாக்ஸி என்றாலும் இந்த வாக்கியம் உண்மை. ஆனால் வெறுமனே ‘யோகு தாக்ஷி நி நோரிமாஸ்’ என்றால் பொருந்தாது, வருடத்துக்கு எட்டு தடவை அடிக்கடி ஆகாது. எந்த நாளில், எந்த நேரத்தில் என்று முன்னால் ‘வா’ போட்டுச் சொல்ல ஒன்றும் இல்லையென்றால் தைதெய் வேண்டாம்.

ஹோதோந்தோவில் மட்டும் ஒரு எச்சரிக்கை. உடன்பாட்டில் வந்தால் அது ‘கிட்டத்தட்ட’: ஹோதோந்தோ ஓவாரிமாஷ்தா, கிட்டத்தட்ட முடிந்தது.

பதில் 3:
தமிழ் எழுத்தில் படிப்பவர்களுக்கு: தோகிதோகியில் இரண்டு ‘கி’யும் ‘பக்கி’யில் வருவது போல வல்லோசை, ஆனால் அழுத்தி இரட்டிக்கக் கூடாது. நடுவில் வரும் ‘தோ’ மட்டும் ‘பதம்’ என்பதில் உள்ள மெல்லிய த. ஹிராகானாவிலேயே (ஜப்பானிய எழுத்து) எழுதிப் பழகுங்கள், இந்தக் குழப்பம் வராது.

கேட்டவர்:
நன்றிங்க, தெளிவா இருக்கு. ரெண்டு சந்தேகம். அனிமேல ‘ஜென்ஜென் தைஜோபு’ன்னு வருதே, அது உடன்பாடு இல்லையா? அப்புறம் ‘வாரத்துக்கு ரெண்டு தடவை நூலகம் போறேன்’ என்பதை ‘ஷூ நி நிகாய் நி தோஷோகான் ஓ இகிமாஸ்’னு எழுதினேன், சரியா?

பதில் 1:
ஜென்ஜென் தைஜோபு பேச்சு வழக்கு. ‘உனக்குச் சிரமமா?’ என்று எதிரில் இருப்பவர் கவலைப்படும்போது, அதை மறுத்து ‘கொஞ்சமும் சிரமமில்லை’ என்று சொல்வது. மறுப்பு உள்ளே ஒளிந்திருக்கிறது. மெய்ஜி கால (1868–1912) எழுத்திலும் ஜென்ஜென் உடன்பாட்டோடு வந்திருக்கிறது, ஆகவே கொச்சை என்று ஒதுக்க வேண்டாம். தேர்வுத் தாளில் மட்டும் எதிர்மறையோடு எழுதுங்கள்.

உங்கள் வாக்கியத்தில் முதல் ‘நி’ சரி; ‘வாரத்துக்கு’ என்பதில் உள்ள ‘க்கு’ அதுதான். நிகாய்க்குப் பின்னால் ‘நி’ கூடாது. நூலகத்துக்கு ‘ஓ’ (நம் ‘ஐ’ உருபு) அல்ல, ‘நி’: ஷூ நி நிகாய் தோஷோகான் நி இகிமாஸ். தடவையை எண்ணும்போது இக்காய் (1), ரொக்காய் (6), ஹக்காய் (8), ஜுக்காய் (10) நாலிலும் ஒலி இரட்டிக்கும், மற்றவை நேராக வரும்.

பதில் 2:
யாராவது ‘யோகு எய்கா ஓ மிமாஸ் கா’ (அடிக்கடி சினிமா பார்ப்பீர்களா) என்று கேட்டால், ‘ஹாய், யோகு மிமாஸ்’ அல்லது ‘ஈயே, அமாரி மிமாஸென்’. ‘ஹாய், அமாரி’ என்று தொடங்கிவிட்டால் வாக்கியத்தை முடிக்க வழியில்லை. இன்னொன்று, அகராதியில் ‘ஒருபோதும்’ என்று போட்டிருக்கும் கெஷ்ஷ்தேயை இந்த வரிசையில் சேர்க்காதீர்கள். பொய் சொல்லவே மாட்டேன் என்று உறுதி கூற அது. காபி குடிக்கும் பழக்கமே இல்லை என்பதற்கு ‘கோஹீ வா ஜென்ஜென் நொமிமாஸென்’ போதும்.