சாலை விளக்குக்கு ஏது ஆண், பெண்?

ஆறாம் லயம்:
வரவு செலவுத் திட்டத்தில் பாலினச் சமத்துவத்தையும், அதாவது எந்தச் செலவு ஆணுக்கும் பெண்ணுக்கும் எப்படிப் போய்ச் சேருகிறது என்பதையும், சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று பேருந்து நிலைய இழையில் நான் இரண்டு வரி எழுதினேன். அதற்கு, "சாலை விளக்குக்கு ஏது ஆண், பெண்? எரிந்தால் எல்லாருக்கும்தான் எரிகிறது" என்று ஓய்வுபெற்ற கிராணி (தோட்ட எழுத்தர்) ஐயா ஒரே போடாகப் போட்டுவிட்டுப் போய்விட்டார்; பலர் அதற்குச் சிரிப்புக் குறி வேறு இட்டிருக்கிறார்கள். சிரித்தவர்களில் ஒருவராவது விடியற்காலை ஐந்து மணிக்குத் தொழிற்சாலைப் பேருந்துக்காகச் செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டத்து ஓரத்தில் நின்றதுண்டா? அந்த நேரத்தில் அங்கே நிற்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். மோட்டார் சைக்கிளில் போகிறவருக்கு வண்டியிலேயே விளக்கு இருக்கிறது.

ஓய்வுபெற்ற கிராணி:
நான் 31 ஆண்டுகள் தோட்டத்து அலுவலகத்தில் பேரேடு எழுதியவன். தேதி, செலவினம், தொகை என்று மூன்று பத்திகளைத்தான் கண்டிருக்கிறேன். நான்காவதாக ஆண், பெண் என்று ஒரு பத்தியை எந்தத் தணிக்கையாளரும் என்னிடம் கேட்டதில்லை. ஒரு விளக்குக் கம்பத்துக்கு ஆயிரம் வெள்ளி (ரிங்கிட்) என்று வைத்துக்கொள்வோம். அதில் எத்தனை வெள்ளியைப் பெண்கள் பெயரில் எழுதுவது? தொகையைச் சொன்னால் நானே எழுதித் தருகிறேன்.

செம்பனைத் தம்பி:
ஐயா, தொகையைப் பங்கு போடச் சொல்லி யாரும் கேட்கவில்லை. ஆஸ்திரேலியா 1984ஆம் ஆண்டிலேயே தன் மத்திய வரவு செலவுத் திட்டம் பெண்களை எப்படிப் பாதிக்கிறது என்று ஆராயத் தொடங்கிவிட்டது. ஆஸ்திரியாவில் 2009 முதல் இது அரசியலமைப்புச் சட்டத்திலேயே இருக்கிறது. அவ்வளவு தூரம் போவானேன், நம் மலேசியாவில், பினாங்கிலேயே 2012இல் ஜாலான் சுங்கை, அம்பாங்கான் அடுக்குமாடிகளில் குடியிருப்பாளர்களையே வாக்களிக்கச் சொல்லி, எந்தச் செலவு முதலில் வர வேண்டும் என்று கேட்டார்கள்.

ஓய்வுபெற்ற கிராணி:
தம்பி படித்தவர், தேதிகள் சரளமாக வருகின்றன. ஆனால், அதே ஆஸ்திரேலியா 2014இல் பெண்களுக்கான அந்த வரவு செலவு அறிக்கையைக் கைவிட்டதை ஏன் விழுங்கிவிட்டீர்? இந்தியாவையும் பாரும். 2005-06 முதல் பாலின அறிக்கை வெளியிடுகிறார்கள். முழுக்கப் பெண்களுக்கான திட்டங்கள் ஒரு பகுதியிலும், குறைந்தது 30 விழுக்காடு பெண்களுக்குப் போகிறவை இன்னொரு பகுதியிலும் வரும். அதில் பிரதமர் வீட்டு வசதித் திட்டத்தின் தொகையைச் சில ஆண்டுகள் முழுக்க முழுக்கப் பெண்கள் கணக்கில் காட்டினார்கள். அந்த வீடுகளில் ஆண்கள் கூரைமேலா படுக்கிறார்கள்? வீட்டுக்கு உள்ள கதிதான் விளக்குக்கும்.

செம்பனைத் தம்பி:
ஆஸ்திரேலியா 2021இல் அதை மீண்டும் கொண்டுவந்துவிட்டது. ஐயா பாதி வரலாற்றோடு நிறுத்திவிட்டார். அந்த இந்திய வீடுகளையும் மனைவி பெயரிலோ இருவர் பெயரிலோ பதிய வேண்டும் என்பதால்தான் அப்படிக் காட்டினார்கள்.

ஓய்வுபெற்ற கிராணி:
பதிவது பெயர், படுப்பது இருவர். நான் கேட்டது விளக்கைப் பற்றி.

மணிக்கூண்டு வாசி:
இருவரும் விளக்கைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறீர்கள். விளக்கு வேண்டும் என்று யாரிடம் போய்க் கேட்பீர்கள்? ஊராட்சி மன்றத் தேர்தல் 1965இல் நிறுத்தப்பட்டது. அந்த மன்றங்களை மக்களே தேர்ந்தெடுக்க வேண்டும் என்று ஆதி நாகப்பன் தலைமையிலான அரச ஆணையம் பரிந்துரைத்தது, அரசாங்கம் ஏற்கவில்லை. 1976ஆம் ஆண்டுச் சட்டப்படி உறுப்பினர்கள் நியமிக்கப்படுகிறார்கள். ஓட்டே இல்லாத இடத்தில் ஆண் என்ன, பெண் என்ன?

ஆறாம் லயம்:
ஓட்டு வரும்வரை நாங்கள் இருட்டில் நிற்க வேண்டுமா? விளக்கு பிடிக்கவில்லை என்றால் குழந்தைக் காப்பகத்துக்கு வாருங்கள். காப்பகக் கட்டணத்துக்கு 3,000 வெள்ளி வரை வருமான வரிக் கழிவு உண்டு என்று ஆண்டுதோறும் பெருமையாகப் படிக்கிறார்கள். மாதம் 1,700 வெள்ளி குறைந்தபட்சச் சம்பளம் வாங்குகிற பெண் வருமான வரியே கட்டுவதில்லை. அவளுக்கு எதிலிருந்து கழிப்பார்கள்? காகிதத்தில் அது தாய்மார்களுக்கான சலுகை, கையில் அது வரி கட்டுகிற குடும்பத்துக்கான சலுகை. நாங்கள் ரப்பர் பால் வெட்டப் போனபோது பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளத் தோட்டத்தில் ஆயாக் கொட்டகை என்று ஒன்றாவது இருந்தது. சாக்குத் தொட்டிலில் பிள்ளையைப் போட்டுவிட்டுப் பெரட்டுக்கு (காலை ஆள் கணக்கெடுப்புக்கு) ஓடினோம். தோட்டம் துண்டு துண்டாக விற்கப்பட்டு நாங்கள் பட்டணத்துக்கு வந்த பிறகு, அந்தச் செலவு எந்தப் பேரேட்டிலும் இல்லை. என் மகள் மாதா மாதம் தன் சம்பளத்திலிருந்து கட்டுகிறாள்.

ஓய்வுபெற்ற கிராணி:
ஆயாவின் சம்பளத்தைப் பொதுச் செலவில் எழுதியவன் நான்தான். பொதுச் செலவில் எழுதியும் பெண்களுக்குப் பயன் போய்ச் சேர்ந்ததா இல்லையா? சேர்ந்தது என்று நீங்களே ஒப்புக்கொள்கிறீர்கள். பிறகு எதற்குத் தனியாக ஒரு பெயர்ப்பலகை? விளக்கும் அப்படியே.

ஆறாம் லயம்:
நான் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. பொதுச் செலவு என்று எழுதியதால்தான் அது காணாமல் போனபோது யாருக்கு இழப்பு என்று ஒருவரும் கேட்கவில்லை.

மணிக்கூண்டு வாசி:
கணக்கில் இவ்வளவு கறாராக இருக்கும் கிராணி ஐயா, கோயில் செயற்குழுவில் பொருளாளராக இருந்தபோது மட்டும் ஆண்டறிக்கையைப் பத்து மாதம் தாமதித்தது ஏன் என்றும் சொல்லலாம்.

ஓய்வுபெற்ற கிராணி:
வரும் என்று எதிர்பார்த்தேன். மூன்று பற்றுச்சீட்டுகளைத் தராமல் வைத்திருந்தவர் யார் என்பதை இங்கே எழுதினால் சிலர் தலை நிமிர முடியாது. அந்தக் கணக்கு காசு பிசகாமல் நேரானது.

ஆறாம் லயம்:
காசு நேராகியிருக்கலாம். அன்னதானத்துக்கு அரிசி இத்தனை மூட்டை, பருப்பு இத்தனை கிலோ என்று எழுதியிருந்தீர்கள். பந்தல்காரருக்கும் மேளக்காரருக்கும் கூலி எழுதியிருந்தீர்கள். முதல்நாள் இரவு எட்டு மணி முதல் வெங்காயம் உரித்து, கண் எரிய எரிய விடியும்வரை சட்டி கழுவிய பெண்களின் உழைப்பு எந்தச் செலவினத்தில் வந்தது? அரசாங்கக் கணக்கிலும் இதே ஓட்டைதான். மருத்துவமனையில் செலவைக் குறைத்து நோயாளியைச் சீக்கிரம் வீட்டுக்கு அனுப்பினால் மிச்சம் என்று எழுதிக்கொள்கிறார்கள். வீட்டில் அவரைப் பார்த்துக்கொள்ள வேலையை விட்டவளின் சம்பளம் செலவில் ஏறுவதில்லை.

ஓய்வுபெற்ற கிராணி:
கோயில் வேலைக்குக் கூலி கேட்ட முதல் பக்தை நீங்கள்தான். மருத்துவமனை, காப்பகம், சட்டி என்று ஊர் சுற்றிவிட்டீர்கள். என் கேள்வி அப்படியே நிற்கிறது. அந்த விளக்கில் எந்தப் பாதி பெண்களுடையது?

ஆறாம் லயம்:
நான் கூலி கேட்கவில்லை, கணக்கில் ஒரு வரி கேட்டேன். விளக்கு என்று நீங்களே வற்புறுத்துவதால் சொல்கிறேன். தோட்டத்தில் விடியற்காலை நான்கரைக்கு மின்சார எஞ்சின் போடுவார்கள். தொழிலாளர் குடியிருப்பான லயத்துக்கு ஒரு விளக்கு, அலுவலகத்துக்கு இரண்டு, கிராணி வீட்டு வாசலுக்கு ஒன்று. லயத்திலிருந்து பெரட்டுக்குப் போகும் செம்மண் பாதையில் ஒன்றுகூட இல்லை. நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு, ஒருத்தி கையை ஒருத்தி பிடித்துக்கொண்டு நடந்தோம். உங்கள் வாசல் விளக்கோ இரவு முழுவதும் எரிந்தது.

ஓய்வுபெற்ற கிராணி:
இரவு முழுவதும் என்பது அப்பட்டமான பொய். இரவு பத்து மணிக்கு எஞ்சின் நிறுத்தப்பட்டது. அந்த எண்ணெய்க் கணக்கை எழுதியவனே நான்.

ஆறாம் லயம்:
அப்படியானால் பத்து மணிவரை எரிந்தது.

ஓய்வுபெற்ற கிராணி:
லயத்திலும்தான் பத்து மணிவரை எரிந்தது. எந்தப் பாதி என்பதற்கு இன்னும் பதில் வரவில்லை.