கர்ணனுக்கு ஆடச் சொல்லியிருக்கிறார்கள், எனக்கு அவனைப் பிடிக்கவில்லை

படுவான்கரைப் பொடியன்

வணக்கம். மட்டக்களப்புப் படுவான்கரையில் எங்கள் ஊரில் இந்த முறை கர்ணன் போர் கூத்து எடுத்திருக்கிறார்கள். வடமோடிப் பாணி. யார் யாருக்கு ஆடுவது என்று சட்டம் கொடுத்த அன்று, கூத்துப் பழக்குகிற அண்ணாவியார் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கர்ணனுக்கு ஆடச் சொன்னார். ஒன்பது வருடத்துக்கு முன் கட்டியகாரனுக்கு ஆடியதோடு சரி, அதற்குப் பிறகு கூத்தாடுகிற களரிப் பக்கம் போகவில்லை. பகலில் மோட்டார் சைக்கிள் திருத்துகிற வேலை, இரவில் ஆட்டப் பழக்கம். முழங்கால் கழன்றுவிடும் போல இருக்கிறது, அது வேறு கதை.

என் பிரச்சினை ஆட்டம் இல்லை. கர்ணனையே எனக்குப் பிடிக்கவில்லை.

எங்கள் கொப்பியில் போருக்கு முந்திய கட்டம் ஒன்றும் இருக்கிறது. இந்திரன் கிழப் பிராமணன் வேசத்தில் வந்து கவச குண்டலத்தைக் கேட்கிறான். கேட்பவன் யார், எதற்காகக் கேட்கிறான், கொடுத்தால் தன் கதி என்ன, எல்லாம் தெரிந்துகொண்டே கர்ணன் அறுத்துக் கொடுக்கிறான். போன கிழமைக் கூத்தில் அந்த இடம் வந்தபோது அண்ணாவியார் மத்தளத்தைக் கையால் பொத்தி நிறுத்திவிட்டார். "நீ கொடுக்கிறாய் இல்லை மனே, எறிகிறாய்" என்றார். பிற்பாட்டுக்காரர் எல்லாரும் சிரித்தார்கள்.

அவர் சொன்னது சரிதான். ஏன் எறிகிறேன் என்றும் எனக்குத் தெரியும்.

என் பெரிய மாமா ஊரில் சீட்டுப் பிடித்தவர். இருபது பேர், மாதம் பத்தாயிரம். இரண்டு பேர் சீட்டை எடுத்த கையோடு வெளிநாடு போனார்கள், போனவர்கள் போனவர்கள்தான். மாமா நினைத்திருந்தால் "அவர்கள் வந்து தரட்டும்" என்று சொல்லியிருக்கலாம். ஊரும் ஒரு மாதம் ஏசிவிட்டு விட்டிருக்கும். மனுசன் என்ன செய்தார்? மூன்று ஏக்கர் வயலை விற்று, எல்லாரையும் விறாந்தைக்குக் கூப்பிட்டு, கடைசி ரூபாய் வரைக்கும் எண்ணிக் கொடுத்தார். அந்த வயல் மாமிக்குத் தாய்வழியில் வந்த காணி, மச்சாளுக்குச் சீதனமாக எழுத வைத்திருந்தது. நம் பக்கத்தில் காணியும் வீடும் பெண்பிள்ளைக்குத்தான் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மச்சாளின் கலியாணம் இரண்டு தரம் தள்ளிப்போனது. மாமா இப்போது அதே வட்டையில் கூலிக்கு வரம்பு கட்டுகிறார். ஊரில் அவருக்குப் பட்டப்பேர் கர்ணன்.

பேரை அவித்துத் தின்னலாமா? இதுதான் என் கேள்வி. பேருக்காக உயிரைக் கொடுக்கிறவனை வீரன் என்று நம்பி ஆட எனக்கு வரவில்லை. அவனை எப்படித்தான் பிடித்துக்கொள்வது? பாரதம் படித்தவர்கள், ஆடினவர்கள் யாராவது சொல்லுங்கள்.

கல்லடி வாத்தியார்

தம்பி, உங்கள் கேள்வியை உங்களுக்கு முன்பே ஒருவர் கர்ணனிடம் கேட்டுவிட்டார். வேறு யாருமில்லை, அவனைப் பெற்ற சூரியன்.

வியாச பாரதத்தில் வன பருவத்தில் இது வருகிறது. இந்திரன் வரப்போகிறான், கொடுத்துவிடாதே என்று சூரியன் கனவில் வந்து எச்சரிக்கிறான். எனக்கு உயிரைவிடப் புகழ் பெரிது என்கிறான் கர்ணன். அதற்குச் சூரியன் சொல்லும் பதிலைப் பாருங்கள்: புகழ் உயிரோடு இருப்பவனுக்குத்தான் உதவும், செத்துச் சாம்பலான பிறகு அது பிணத்துக்குப் போட்ட மாலை. நீங்கள் கேட்கும் அவித்துத் தின்னும் கதைதான். கர்ணன் அதைக் கேட்டும் மசியவில்லை.

ஆனால் அவன் ஒன்றும் ஏமாளி இல்லை. கொடுப்பதானால் பதிலுக்கு சக்தி ஆயுதத்தைக் கேட்டு வாங்கு என்று சூரியன் கடைசியாகச் சொல்கிறான். கர்ணன் அப்படியே கேட்டு வாங்குகிறான். ஒருவனை மட்டும் கொல்லும் ஆயுதம். அருச்சுனனுக்கென்று வைத்திருந்தது 14 ஆம் நாள் இரவில் கடோற்கசன் மேல் செலவாகிப் போகிறது. இன்னொன்றையும் கேட்கிறான், இதைப் பலர் கவனிப்பதில்லை. கவசத்தை உடம்பிலிருந்து அறுத்தெடுக்கும்போது என் உடம்பு விகாரமாகக் கூடாது என்கிறான். சாவுக்குத் துணிந்தவனுக்குத் தோற்றத்தில் என்ன கவலை? எத்தனையோ வருடம் வகுப்பில் நடத்தியும் அந்த இடத்தில் எனக்கு ஒரு கணம் குரல் நின்றுவிடும்.

தோற்போம் என்று அவனுக்குத் தெரியாமலும் இல்லை. கண்ணன் வந்து நீதான் மூத்தவன், அரசு உனக்கு என்று சொன்னபோது, தான் கண்ட கனவைச் சொல்கிறான்: தருமன் தம்பிமாரோடு ஆயிரம் தூண் மாளிகையில் ஏறுகிறான். இதையும் சொல்லிவிட்டுத் துரியோதனனிடமே திரும்பிப் போகிறான். வளர்த்த ராதையையும் அதிரதனையும் விடமுடியாது, 13 வருடம் துரியோதனனால் அரசு அனுபவித்தேன், இப்போது அருச்சுனனோடு மோதாமல் விலகினால் பழி என்கிறான். நம் தமிழில் செஞ்சோற்றுக் கடன் என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். அந்தச் சொல்லுக்குள் நன்றியும் இருக்கிறது, பேர்ப் பயமும் இருக்கிறது. எது எவ்வளவு என்று அவனுக்கே தெரிந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்.

சீதனக் காணி பற்றிச் சொன்னீர்கள். கர்ணன் மகன் விருஷசேனன் செத்தது அதே 17 ஆம் நாள், தகப்பன் பார்த்துக்கொண்டிருக்க. அதற்குப் பிறகுதான் தேர்ச் சக்கரம் புதைகிறது. பேருக்கான விலையைத் தன் மடியிலிருந்து மட்டும் எடுத்துக் கொடுத்தவன் என்று நான் அவனைச் சொல்லமாட்டேன். அந்த வகையில் உங்கள் கோபம் பிழையான இடத்தில் இல்லை.

கொத்துரொட்டி

வெளிநாடு போன இரண்டு பேரையும் விட்டுவிட்டு மாமாவையும் கர்ணனையும் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்களே. அந்த இரண்டு பேருக்கும் பட்டப்பேர் ஒன்றும் இல்லையா?

பழைய துரியோதனன்

மருமகன், நான் மூன்று களரியில் துரியோதனனுக்கு ஆடினவன். இப்போது எழும்பவே ஒரு ஆள் பிடிக்க வேணும். வாத்தியார் ஏட்டில் உள்ளதைச் சொல்லிவிட்டார், நான் காலில் உள்ளதைச் சொல்கிறேன்.

உங்கள் அண்ணாவியார் பிழை கண்டது கையில் என்று நினைக்கிறீர்கள். இல்லை, கண்ணில். கவசம் கொடுக்கும்போது நீங்கள் இந்திரனைப் பார்த்துக்கொண்டு ஆடியிருப்பீர்கள். என்னோடு கர்ணனுக்கு ஆடின மனுசன் அந்த இடத்தில் இந்திரனை ஒருதரமும் பார்க்கமாட்டார். கை இந்திரன் பக்கம் நீளும், முகம் சபைப் பக்கம் திரும்பியிருக்கும். வட்டக்களரிதானே, சுற்றிவரச் சனம். ஒரு பாட்டு முடிவதற்குள் நாலு பக்கமும் முகம் காட்டிவிடுவார். பொடியனாக இருந்தபோது எனக்கு விளங்கவில்லை. கர்ணன் அந்தக் கிழவனுக்கா கொடுக்கிறான்? பார்த்துக்கொண்டிருக்கிற உலகத்துக்கல்லவா கொடுக்கிறான். அதை மறைக்காமல் ஆடினார் அவர். சனத்துக்கு அவர் மேல் வெறுப்பு வரவில்லை, பயம்தான் வந்தது.

அடுத்தது சக்கரம் புதையும் இடம். அது வர விடியச் சாமம் மூன்றாகிவிடும். பாயில் பிள்ளைகள் நித்திரை, கச்சான் விற்கிறவனும் நித்திரை. கரப்புடுப்பின் பாரம் இடுப்பை அறுக்கும், சதங்கை கணுக்காலைத் தின்றிருக்கும். களைப்பை ஒளிக்கவேண்டாம். நல்லாய்ச் சாப்பிட்டுக் கிடந்தவன் மாதிரி அந்த இடத்தில் துள்ளினால் கெட்டுப்போகும். கர்ணன் அதுவரை கேட்டவனுக்குக் கொடுத்தவன். இங்கே அருச்சுனனிடம் "கொஞ்சம் பொறு" என்று கேட்கிறான். அந்தக் கேட்பு வாயில் வரக்கூடாத சொல் மாதிரி வரவேண்டும். கடன் கேட்டுப் பழக்கமில்லாதவன் முதல்தரம் ஒரு படலையைத் திறக்கிறானே, அப்படி.

உங்கள் மாமா வரம்பு கட்டுகிற வயலுக்கு ஒருநாள் போய்ப் பாருங்கள். பேசவேண்டாம், மண்வெட்டி பிடிக்கிற விதத்தைப் பாருங்கள்.

பாண்டிருப்பு மகள்

அண்ணன், எல்லாரும் கர்ணனைக் கழுவித் துடைக்கிறீர்கள். நான் திரௌபதை அம்மன் கோவிலடியில் பிறந்தவள். எங்கள் கோவிலில் பாரதம் 18 நாள் சடங்காக நடக்கும். வனவாசம், அருச்சுனன் தவம், கடைசியில் தீமிதிப்பு. கர்ணன் பேரை எடுத்தால் எங்கள் அம்மம்மா "கொடையாளி" என்று சொல்லமாட்டா. "அவையில் வாய்விட்டவன்" என்பா. முடிந்தது.

சபையில் திரௌபதை கேட்டது ஒரு கேள்வி. தன்னைத் தோற்றவனுக்கு என்னைப் பணயம் வைக்க உரிமை உண்டா? கௌரவரில் விகர்ணன் ஒருவன்தான் எழும்பி அவளுக்காகப் பேசினான். அவனைச் சின்னப் பொடியன் என்று அடக்கியது கர்ணன். அவளை வேசி என்றதும், துகிலை உரியச் சொன்னதும் அவன் வாய்தான். யார் என்ன கேட்டாலும் கொடுக்கிறவனுக்கு ஒரு பெண் கேட்டதற்குப் பதில் கொடுக்க முடியவில்லை.

இதைச் சொல்வது உங்கள் ஆட்டத்தைக் கெடுக்க இல்லை. துரியோதனனைச் சந்தோசப்படுத்தச் சொன்ன கடுஞ்சொல்லை நினைத்து இப்போது வேகிறேன் என்று பிறகு அவனே கண்ணனிடம் சொல்கிறான். அதே கண்ணன், சக்கரம் புதைந்து அவன் தருமம் பேசும்போது, அன்றைக்குச் சபையில் உன் தருமம் எங்கே போனது என்று கேட்கிறான். வியாசர் அங்கே எழுதியிருப்பது இவ்வளவுதான்: கர்ணன் வெட்கத்தால் தலை குனிந்தான், மறுமொழி சொல்லவில்லை. பிறகு வில்லை எடுத்தான்.

அந்தத் தலைகுனிவை உங்கள் கொப்பியில் யாராவது வெட்டியிருந்தால் அண்ணாவியாரிடம் சொல்லித் திரும்பப் போடுங்கள். அது இல்லாத கர்ணனைப் பார்க்க நான் வாவி தாண்டிப் படகேறி வரமாட்டேன்.

படுவான்கரைப் பொடியன்

எல்லாருக்கும் நன்றி. கொத்துரொட்டிக்கும்தான். அந்த இரண்டு பேருக்கும் ஊரில் பட்டப்பேர் இருக்கிறது, இங்கே எழுதமுடியாது.

கொப்பியைப் பார்த்தேன். கண்ணன் கேட்கிற பாட்டு இருக்கிறது, அது முடிந்ததும் கர்ணன் உடனே அம்பு தொடுக்கிற தருப் பாட்டு. நடுவில் ஒன்றும் இல்லை. அண்ணாவியாரிடம் சொன்னேன். வெற்றிலையை மென்றுகொண்டு யோசித்துவிட்டு, "பாட்டு வேண்டாம், மத்தளம் மட்டும் ஒரு வட்டம் போகட்டும், நீ தலையைக் குனிந்துகொண்டு நில்" என்றார். நின்றேன். ஒரு வட்டம் அசையாமல் நிற்பது ஆடுவதைவிடக் கஷ்டம்.

வயலுக்கும் போனேன். மாமா என்னைக் கண்டு, தேத்தண்ணி குடித்தாயா என்று கேட்டுவிட்டுத் திரும்பவும் குனிந்துவிட்டார். வரம்பை அணைத்துவிட்டு மண்வெட்டியின் பின்பக்கத்தால் தட்டித் தட்டி ஒப்பமாக்குகிறார். அடுத்தவன் வயல், கூலி நாள் கணக்கு, அவ்வளவு ஒப்பம் யார் கேட்டது? எனக்குக் கோபம் திரும்பவும் வந்தது. எழுதும்போதும் வருகிறது, பொய் சொல்லவில்லை.

பிறகு வீட்டுக்குப் போய் மாமியிடம் கேட்டேன். இத்தனை வருடத்தில் அவரிடம் யாரும் கேட்கவில்லை போல. "உங்கள் காணியை விற்கும்போது நீங்கள் வேண்டாம் என்று சொல்லவில்லையா மாமி?" மாமி அரிசி கொழித்துக்கொண்டிருந்தா. சுளகை நிறுத்தவில்லை.

"சொன்னேன். மூன்று நாள் சோறு சமைக்காமலும் கிடந்தேன்."

"பிறகு?"

"பிறகென்ன, கையெழுத்து வைக்கப் போனோம். கலியாணச் சேலையை உடுத்திக்கொண்டு போனேன். சந்தியில் சனம் நிற்கும்தானே."

வாத்தியார் சொன்னாரே, உடம்பு விகாரமாகக் கூடாது என்று கர்ணன் கேட்டதாக. எனக்கு அதுதான் உடனே ஞாபகம் வந்தது. மாமியிடம் ஒன்றும் சொல்லவில்லை. சுளகைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வந்தேன்.

இந்தக் கிழமை முகத்தைச் சபைப் பக்கம் வைத்துக் கொடுத்துப் பார்த்தேன். அண்ணாவியார் மத்தளத்தை நிறுத்தவில்லை. நல்லாயிருக்கிறது என்றும் சொல்லவில்லை. அடுத்த மாதம் முழு ஒத்திகையாக அடுக்குப் பார்க்கிறோம். பாண்டிருப்புத் தங்கச்சி, படகு தேவையில்லை, இப்போது பாலம் இருக்கிறது. மாமாவும் மாமியும் முன்வரிசையில் பாய் போட்டு இருப்பார்கள், மச்சாளும் வருவாள்.