டயாலிசிஸ் செய்துகொள்ளும் அப்பாவுக்குக் கொழுப்பு அளவு சரி, சி.ஆர்.பி. மட்டும் 24: இதயத்துக்கு ஆபத்தா?

கேள்வி: கெடிலக்கரை (கடலூர் முதுநகர்)

அனைவருக்கும் வணக்கம். என் அப்பாவுக்கு 63 வயது; இருபது ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உண்டு. ஒன்றரை ஆண்டாகச் செவ்வாயும் வெள்ளியும் புதுச்சேரிக்கு அழைத்துப் போய் டயாலிசிஸ் செய்துகொண்டு வருகிறோம். கையில் போட்ட பிஸ்டுலா (டயாலிசிஸுக்காகத் தமனியையும் சிரையையும் இணைத்தது) சரியாக வளராததால், எட்டு மாதங்களாகக் கழுத்தோரம் பொருத்திய பெர்ம்கேத் என்னும் குழாய் வழியாகவே நடக்கிறது.

சென்ற மாதப் பரிசோதனையில் மொத்தக் கொழுப்பு 138 என்று வந்ததைப் பார்த்து நாங்கள் மகிழ்ந்திருந்தோம். ஆனால் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. லிட்டருக்கு 24 மில்லிகிராம், இரத்தப் புரதமான அல்புமின் 3.1, இரத்தம் ஊறுவதற்கான எரித்ரோபொய்ட்டின் ஊசி தவறாமல் போட்டும் ஹீமோகுளோபின் 8.2க்கு மேல் ஏறவில்லை; இரும்புச் சேமிப்பைக் காட்டும் பெரிட்டின் மட்டும் 910. எக்கோ என்னும் இதய ஸ்கேனில் இதயத்தின் இடக்கீழறைச் சுவர் தடித்திருப்பதாக எழுதியிருக்கிறார்கள். உடம்பில் எங்கோ அழற்சி இருக்கிறது, இது இதயத்துக்கு நல்லதல்ல என்று மருத்துவர் சொன்னார். அன்று கூட்டம் மிகுதியாக இருந்ததால் மேற்கொண்டு கேட்க முடியவில்லை.

அப்பாவுக்குக் காய்ச்சலோ வலியோ இல்லை. சோறு மட்டும் இறங்கவில்லை. குழம்பு கொதிக்கும் வாசனைக்கே தட்டை எடுத்துக்கொண்டு வந்து உட்காருபவர், இப்போது நாலு கவளத்தோடு கை கழுவிவிடுகிறார். கொழுப்பு குறைவாக இருக்கும்போது இதயத்துக்கு எப்படி ஆபத்து வரும்? சி.ஆர்.பி.யைக் குறைக்க மருந்து உண்டா? வலி மாத்திரையும் மஞ்சள் மாத்திரையும் அழற்சியைக் குறைக்கும் என்று உறவினர் ஒருவர் வற்புறுத்துகிறார்.

பதில் 1: உப்பங்கழி (புதுச்சேரி, டயாலிசிஸ் பிரிவில் பதினான்கு ஆண்டுகளாகச் செவிலியர்)

வணக்கம் சகோதரி. முதலில் அந்த வலி மாத்திரையை நிறுத்திவையுங்கள். டைக்ளோபினாக் போன்றவை அப்பாவுக்கு இன்னும் கொஞ்சம் சிறுநீர் வந்துகொண்டிருந்தால் அதையும் கெடுத்துவிடும். டயாலிசிஸின்போது இரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின் கொடுக்கப்படுவதால் வயிற்றில் இரத்தக்கசிவு ஏற்படும் அபாயமும் கூடும். இதயத்துக்கும் அவை நல்லவையல்ல. குழம்பில் போடும் மஞ்சளால் ஒரு கெடுதலும் இல்லை, ஆனால் மாத்திரையாக விற்பதை உங்கள் மருத்துவரைக் கேட்காமல் கொடுக்க வேண்டாம்.

சி.ஆர்.பி. என்பது கல்லீரல் உண்டாக்கும் ஒரு புரதம். உடம்பில் எங்கேனும் கிருமியோ புண்ணோ இருந்தால், இன்டர்லூக்கின்-6 என்னும் வேதிப்பொருள் வழியாகக் கல்லீரலுக்குத் தகவல் போய், அது சி.ஆர்.பி.யை மிகுதியாக உண்டாக்குகிறது, அல்புமினைக் குறைத்துவிடுகிறது. அதே நேரத்தில் ஹெப்சிடின் என்னும் இன்னொரு பொருள் கூடி, இரும்புச்சத்தைச் சேமிப்பிலேயே பூட்டிவைக்கிறது. பெரிட்டின் 910 இருந்தும் ஹீமோகுளோபின் ஏறாமல் ஊசி வீணாவது பெரும்பாலும் இதனால்தான். நீங்கள் தனித்தனியாக எழுதியிருக்கும் நான்கு எண்களும், பசி மந்தமும், ஒரே காரணத்திலிருந்து வந்திருக்கலாம் என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆகவே சி.ஆர்.பி.யைக் குறைக்கும் மருந்தைத் தேடுவதைவிட, அதை ஏற்றிவிட்டது எது என்று தேடுவதே முறை.

என் முதல் சந்தேகம் பெர்ம்கேத் மேல்தான். குழாயின் உட்சுவரில் கிருமிகள் பாசிபோல் மெல்லிய படலமாக ஒட்டிக்கொண்டுவிட்டால், காய்ச்சல் வராமலேயே மாதக்கணக்கில் அழற்சி நீடிக்கும். சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கு எதிர்ப்பாற்றல் மந்தமாக இருப்பதால், காய்ச்சல் இல்லை என்பதை வைத்து நிம்மதி அடைய முடியாது. அடுத்த முறை கட்டு மாற்றும்போது அருகில் நின்று பாருங்கள். குழாய் தோலுக்குள் நுழையும் இடத்தைச் சுற்றிச் சிவந்திருக்கிறதா, எடுத்த பஞ்சில் மஞ்சள் கறை இருக்கிறதா, லேசாக அழுத்தும்போது அப்பா முகம் சுளிக்கிறாரா என்று கவனியுங்கள். வீட்டில் நீங்களாகக் கட்டைப் பிரிக்க வேண்டாம். குளிக்கும்போது கட்டு நனைந்து, அது தானாகக் காய்ந்துவிடும் என்று விட்டுவிடுவோரை நான் வாரந்தோறும் பார்க்கிறேன். நனைந்தால் அன்றே மாற்றியாக வேண்டும். சர்க்கரை நோய் உள்ளவர் என்பதால் பாதங்களையும் விரல் இடுக்குகளையும் வெளிச்சத்தில் பாருங்கள். கையில் தோற்றுப்போன பிஸ்டுலாவில் செயற்கைக் குழாய் ஏதேனும் வைத்திருந்தால், பயன்படாமல் கிடக்கும் அதுவும் அழற்சிக்கு இடமாகலாம் என்பதால், மருத்துவரிடம் நினைவூட்டுங்கள்.

இன்னொன்று, நீர். இரண்டு டயாலிசிஸுக்கு இடையில் எடை எவ்வளவு ஏறுகிறது என்று நீங்கள் எழுதவில்லை. உடம்பில் நீர் தேங்கும்போது குடற்சுவரும் வீங்குகிறது. குடலிலுள்ள கிருமிகளின் நச்சு இரத்தத்தில் கசிந்து அழற்சியைத் தூண்டுகிறது என்று கருதப்படுகிறது. இதயச்சுவர் தடிப்பதற்கும் இந்த நீர்ச்சுமையும் உயர் இரத்த அழுத்தமும் பெரிய காரணங்கள். கடலூரில் இருந்துகொண்டு கருவாட்டை விடச் சொல்வது எளிதல்ல என்று எனக்குத் தெரியும், ஆனால் உப்புதான் தாகத்தைக் கொடுக்கிறது. புரதத்துக்கு முட்டையின் வெள்ளைக்கருவும், உப்புப் போடாத நல்ல மீனும் கொடுங்கள்.

பதில் 2: ஏரிக்கரை (பாகூர்)

நான் ஆறு ஆண்டுகளாக டயாலிசிஸில் இருப்பவள். எனக்கும் சி.ஆர்.பி. 18இல் நின்று, ஊசியின் அளவை ஏற்றிக்கொண்டே போனார்கள். கையில் பிஸ்டுலா நன்றாக வேலை செய்தது. பாதங்களில் புண் இல்லை. கடைசியில் ஓர் இளம் மருத்துவர் டார்ச் அடித்து என் வாயைப் பார்த்தார். கீழ்க் கடைவாய்ப்பல் இரண்டின் ஈறில், நாக்கால் தொட்டால் உப்புக் கரிக்கும் அளவுக்குச் சீழ் இருந்தது. வலி இல்லாததால் நான் அதைப் பெரிதாக எண்ணியதே இல்லை. ஹெப்பாரினால் இரத்தம் நிற்காமல் போகலாம் என்பதால், டயாலிசிஸ் இல்லாத நாளாகப் பார்த்துப் பற்களை எடுத்து, ஈறுகளையும் சுத்தம் செய்தார்கள். ஆறு வாரங்களில் சி.ஆர்.பி. 5க்கு வந்தது, அதன்பின் சாப்பாடும் பிடித்தது. அப்பாவின் வாயைத் திறந்து பாருங்கள், மகளே.

முன்பு நான் போய்க்கொண்டிருந்த ஓர் இடத்தில், இயந்திரத்தில் இணைத்த ஒரு மணி நேரத்துக்குள் எனக்கும் பக்கத்துக் கட்டிலில் இருந்தவருக்கும் ஒருசேரக் குளிர் நடுக்கம் கண்டது. விசாரித்தபோதுதான் டயாலிசிஸுக்காகச் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. நீரைப் பல மாதங்களாகப் பரிசோதிக்கவில்லை என்று தெரிந்தது. அன்று முதல் எங்கே போனாலும் நீர்ப் பரிசோதனை அறிக்கையைக் கேட்டுவிடுகிறேன். சிலர் முகம் சுளிப்பார்கள், கேட்பதை நான் விடுவதில்லை. அப்பாவுக்கு அப்படி நடுக்கம் வந்ததுண்டா?

பதில் 3: திருப்பாதிரி (கடலூர், பொது மருத்துவர்)

செவிலியர் அம்மா சொன்னவற்றோடு எனக்கு முழு உடன்பாடு. கொழுப்பு பற்றிய கேள்விக்கு மட்டும் விடை எழுதுகிறேன். டயாலிசிஸ் நோயாளிகளில் கொழுப்பு குறைவாக இருப்போரே கூடுதலாக இறக்கிறார்கள் என்னும் புதிர் நீண்ட நாள் மருத்துவர்களைக் குழப்பியது. 823 நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து 2004இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு இதைத் தெளிவுபடுத்தியது: அழற்சியும் ஊட்டக்குறைவும் கொழுப்பின் அளவைக் கீழே இழுக்கின்றன, இவை இரண்டும் இல்லாதவர்களில், எல்லாரையும் போலவே, கொழுப்பு கூடக்கூட ஆபத்தும் கூடுகிறது. உங்கள் அப்பாவின் 138ஐ நான் நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ள மாட்டேன்; சரியாகச் சாப்பிடாததன் அடையாளமாகவும் அது இருக்கலாம்.

கொழுப்பைக் குறைக்கும் ஸ்டேட்டின் மாத்திரை கொடுத்தால் போதாதா என்று அடுத்துக் கேட்பீர்கள். ஜெர்மனியில் டயாலிசிஸ் செய்துகொண்ட 1,255 சர்க்கரை நோயாளிகளிடம் நடந்து 2005இல் வெளியான ஆய்விலும், 2,776 பேரிடம் நடந்து 2009இல் வெளியான ஆய்விலும், கொழுப்பு நன்றாகக் குறைந்தும் மாரடைப்பு, பக்கவாதம், இதய மரணம் ஆகியவை குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை. எனவே டயாலிசிஸ் தொடங்கிய பின் புதிதாக ஸ்டேட்டின் ஆரம்பிப்பதில்லை. முன்பே எடுத்துவந்தவர்கள் தொடரலாம். அப்பா எடுத்துக்கொண்டிருந்தால் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

இதற்குக் காரணம், இங்கே இதயம் கெடுவது இரத்தக்குழாய் அடைப்பால் மட்டுமல்ல. பாஸ்பரஸ் மிகுந்து தமனிச் சுவரில் சுண்ணம் படிந்து இறுகுகிறது. தடித்த இதயத்தின் துடிப்பு தாறுமாறாகித் திடீர் மரணம் நேர்கிறது. வாரத்தின் நீண்ட இடைவெளி முடியும் நாளில் இத்தகைய மரணங்கள் கூடுவதும் அறியப்பட்டதே. அப்பாவுக்கு வெள்ளியிலிருந்து செவ்வாய்வரை நான்கு நாட்கள் ஆகின்றன. வாரம் மூன்று முறையாக்க முடியுமா என்று கேளுங்கள். மறு கையில் பிஸ்டுலாவுக்கு இடமிருக்கிறதா என்று ஸ்கேன் பார்க்கச் சொல்லுங்கள்.

கெடிலக்கரை

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இன்று கட்டு மாற்றும்போது அருகில் நின்றேன். பஞ்சின் ஓரத்தில் நகக்கண் அளவுக்கு மஞ்சள் கறை இருந்தது. பணியாளரிடம் காட்டியதும் மருத்துவரை அழைத்தார்கள்; கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் கல்ச்சருக்கு இரத்தம் எடுத்திருக்கிறார்கள். வியாழனன்று பல் மருத்துவரிடம் போகிறோம். சி.ஆர்.பி.யை மறுபடி எப்போது பார்ப்பது?

உப்பங்கழி

நன்றாகச் செய்தீர்கள். மருத்துவர் சொல்லும் சிகிச்சை முடிந்து இரண்டு வாரம் கழித்து, டயாலிசிஸ் தொடங்குவதற்கு முன் இரத்தம் எடுக்கச் சொல்லுங்கள். சி.ஆர்.பி. ஒவ்வொரு நாளும் ஏறி இறங்கும் என்பதால் ஒரே அளவை நம்பாமல் மாதம் ஒரு முறையாக மூன்று மாதம் பாருங்கள். காரணம் நீங்கிவிட்டால் அது சில நாட்களிலேயே இறங்கிவிடும். அல்புமின் ஏற வாரக்கணக்கில் ஆகும், அதற்குள் மனம் தளர வேண்டாம். இடையில் காய்ச்சலோ, இயந்திரத்தில் இணைத்ததும் நடுக்கமோ வந்தால் இரவானாலும் காத்திருக்காமல் அழைத்துப் போய்விடுங்கள்.